செல்வராணி அக்காவின் வலது கால்

எங்கள் ஆய்வகத்தில் எடுத்த படங்களெல்லாம் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன. சென்னையில், குளிரூட்டிய அறையில், எங்கள் மாணவர்களின் கைகளையும் கால்களையும் வைத்து எடுத்தவை. தோலுக்குக் கீழே ஓடும் ரத்தக் குழாய்கள் வேர்போலக் கிளைவிட்டுத் தெரியும். ஒரு கருத்தரங்கில் அவற்றைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"இதெல்லாம் உள்ளுக்க இருக்கிற ஆக்களின்ர கால். வெயிலுக்க நிண்டு கறுத்த காலில எடுத்துப் பாத்தனீங்களோ?"

இல்லை என்றேன். "அப்ப ஒருக்கா எங்கட ஊருக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவர் டொக்டர் சுகந்தி. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், சர்க்கரை நோயால் கால் புண்ணானவர்களைப் பார்க்கும் சிறிய சிகிச்சை நிலையம் ஒன்றை நடத்துகிறார். அந்த அழைப்பை நான் மறக்கவில்லை. ஓராண்டு கழித்து, அனுமதிக் கடிதங்களெல்லாம் கைக்கு வந்தபின், கருவியை இரண்டு பெட்டிகளில் பிரித்து வைத்துக்கொண்டு கடல் தாண்டினேன்.

கருவி செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மிகச் சிறிய ஒளித்துடிப்பு ஒன்றைத் தோலுக்குள் அனுப்புவோம். ரத்தம் அந்த ஒளியை வாங்கி இம்மியளவு சூடேறி, இம்மியளவு விரியும். விரியும்போது ஓர் ஒலி எழும். நம் காதுக்குக் கேட்காது, உணரிகளுக்குக் கேட்கும். அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று கணக்கிட்டுப் படமாக வரைவோம். கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. ஆனால் தோல் கறுப்பாக இருந்தால் தோலே ஒளியில் பெரும்பங்கை வாங்கிக்கொண்டு சத்தம் போடத் தொடங்கிவிடும். உள்ளே இருக்கும் ரத்தத்தின் முணுமுணுப்பு அதில் அமுங்கிப்போகும். அந்த இரைச்சலைக் குறைத்துப் படத்தைத் தெளிவாக்குவதுதான் என் வேலை. பல ஆண்டுகளாக அதைச் செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை, பொறியாளர். இந்தக் கதையில் அது முக்கியம்.

திருகோணமலை ரயில் நிலைய வாசலில் டொக்டர் அனுப்பியிருந்த ஆட்டோ நின்றது. ஓட்டுநரை ஊரே ரியாஸ் நானா என்று கூப்பிடுகிறது. நானா என்றால் அண்ணன். பெட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"உள்ளுக்க என்ன மிஸ்?"

"ரத்தக் குழாயைப் படம் எடுக்கிற மிஷின்."

"கலியாண வீட்டுல எடுக்கிற கமரா இவ்வளவு பாரமில்லையே" என்றார்.

பெட்டிகள் பின்னிருக்கையில் கயிறு கட்டி உட்கார்ந்துகொண்டன. எனக்கு அவற்றுக்கு நடுவே ஒரு சாண் இடம் கிடைத்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. வீதிக்கு நடுவே புள்ளிமான்கள். ஒன்று பேக்கரி வாசலில் நின்று காகிதப் பையை மென்றுகொண்டிருந்தது. ஹாரன் அடிக்காமல், அவை போகும்வரை நானா காத்திருந்தார். எங்கள் ஊரில் அந்த இடத்தில் மாடு நின்றிருக்கும், ஹாரனும் அடித்திருப்போம்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. எங்களூரில் சொதி என்பது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கிற விருந்து. தேங்காய்ப் பாலை மூன்று முறை பிழிந்து, காய்கறி சேர்த்து, இஞ்சித் துவையலோடு பரிமாறுவார்கள். வருடத்துக்கு ஒருமுறை கிடைத்தால் அதிர்ஷ்டம். உட்துறைமுக வீதியில் நான் தங்கிய வீட்டில் முதல் நாள் காலையே இடியப்பத்தோடு சொதி வந்தது. மஞ்சளாக, மெலிதாக, பச்சை மிளகாய் மிதந்துகொண்டு. "என்ன விசேஷம்?" என்று கேட்டேன். வீட்டுக்கார அம்மா குழம்பிப்போய், "விசேசமோ? இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றார். மறுநாளும் சொதி. இந்த ஊரில் தினமும் மறுவீட்டு விருந்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் தோல்விதான். சிகிச்சை நிலையத்தின் பின்னறையில் கருவியைப் பொருத்தினோம். குளிரூட்டி இல்லை. மேலே ஒரு மின்விசிறி, ஜன்னல் வழியே துறைமுகத்துக் காற்று. ஒளிக்கற்றை கண்ணில் படக்கூடாது என்பதால் எல்லோரும் பச்சைக் கண்ணாடி அணிய வேண்டும். முதலில் ரியாஸ் நானாவின் காலை எடுத்தேன். அடுத்து நர்ஸ் ஒருவருடையது. கடைசியாக டொக்டரே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். படம் எதிலும் ஒன்றுமில்லை. தோல் ஒரு தடித்த வெள்ளைக் கோடாக எரிந்தது. அதற்குக் கீழே, குளத்துச் சேற்றைக் கலக்கிவிட்டதுபோல ஒரு கலங்கல்.

மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, வியர்வை கூடியது. தோலின் சத்தத்தைப் பிரித்து நீக்க நான் எழுதி வைத்திருந்த முறையைப் போட்டேன். வெள்ளைக் கோடு மங்கியது, கலங்கல் அப்படியே இருந்தது.

"கறுத்த காலெண்டா உங்கட மிசினுக்குப் பயம் போல" என்றார் டொக்டர். குரலில் ஏளனம் இல்லை. சோற்றுப் பார்சலைப் பிரித்து, திருக்கைக் கறியில் பெரிய துண்டை என் பக்கம் தள்ளி வைத்தார். "சாப்பிடுங்கோ. மிசின் எங்கயும் ஓடாது."

அன்று பிற்பகல் செல்வராணி அக்காவும் அவர் கணவர் தவராசா அண்ணனும் வந்தார்கள். சாம்பல்தீவுக்காரர்கள். அக்கா தையல் வேலை செய்பவர், பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பார். அண்ணன் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்துபவர். அக்காவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம்; சர்க்கரை நோயை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். வலது காலின் பெருவிரலில் ஒரு புண் மாதக்கணக்காக ஆறவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். விரலை எடுக்க வேண்டியிருக்கலாம், பார்க்காமல் விட்டால் அது விரலோடு நிற்காமலும் போகலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எங்கள் படங்கள் ஆய்வுக்கு மட்டும்தான், இவற்றை வைத்துச் சிகிச்சை முடிவு எதுவும் எடுக்கமாட்டோம் என்று டொக்டர் படிவத்தை வாசித்துக் காட்டினார். அக்கா கவனமாகக் கேட்டு, "எனக்கு உதவாட்டியும் பின்னுக்கு வாற ஆருக்கும் உதவும்தானே" என்று கையெழுத்துப் போட்டார். கணவரை வெளியே உட்காரச் சொன்னார். "இவர் புண்ணைப் பாக்கமாட்டார். தலையைத் திருப்பிப்போடுவார்."

பாதத்துக்கு மேலே ஜெல் தடவி, அதன்மேல் உணரிகளுக்கும் தோலுக்கும் இடையில் இருக்கும் தண்ணீர்ப் பையை வைத்தேன். அக்கா முகத்தைச் சுருக்கத் தயாராக இருந்தவர், சுருக்கவில்லை.

"என்னக்கா?"

"வயித்துக்கு ஸ்கேன் எடுக்கேக்க ஐஸ் மாதிரிக் குளிரும். அந்தப் பயத்திலதான் இருந்தனான். இது நல்ல இளஞ்சூடா, சுகமா இருக்கு."

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒலி வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வேகமாக ஓடும். எங்கள் கணக்குகள் அனைத்தும் சென்னையின் குளிர் அறைத் தண்ணீருக்குப் போட்டவை. இங்கே ஒலி சீக்கிரம் வந்து சேர்கிறது, கணக்கு அதைத் தவறான இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. ஒவ்வொரு உணரிக்கும் ஒவ்வொரு தவறு. கலங்காமல் என்ன செய்யும்? கறுத்த காலைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாக இருந்தது.

அன்று எடுத்த அக்காவின் படமும் கலங்கல்தான்; மறுநாளும் வரச் சொன்னேன். தண்ணீரின் சூட்டைச் சரியாக அளந்தால் போதும். ஆனால் வெப்பமானி? நான் கொண்டுவரவில்லை. மருந்துக்கடையில் காய்ச்சல் பார்ப்பதுதான் இருந்தது, அது உடல் சூட்டுக்குக் கீழே காட்டாது. கடைக்காரர் யோசித்துவிட்டு, "வளர்ப்பு மீன் விக்கிற கடையில கேளுங்கோ. தொட்டிக்குள்ள போடுறது வைச்சிருப்பினம். கிண்ணியாவில ஒண்டு இருக்கு" என்றார்.

புதன்கிழமை காலை ரியாஸ் நானா வேறு சவாரிக்குப் போயிருந்ததால் பேருந்தில் ஏறினேன். இறங்க வேண்டிய இடத்தை நடத்துநரிடம் சொல்லியிருந்தேன். அவர் கூப்பிட்டுமிருக்கிறார். நான்தான் பாலத்துக்குக் கீழே விரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். குறிஞ்சாக்கேணியில் இறக்கிவிட்டார்கள். வெயில் தலையைப் பிளந்தது. ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண்ணிடம் மீன்கடைக்கு வழி கேட்டேன்.

"மீனெண்டா இந்த நேரத்துல முடிஞ்சிருக்குமே தங்கச்சி."

"சாப்பிடற மீன் இல்லக்கா. கண்ணாடித் தொட்டியில வளர்க்கிற மீன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்தியாவிலிருந்து வளர்ப்பு மீன் வாங்க ஒருத்தி குறிஞ்சாக்கேணிக்கு வந்திருக்கிறாள். "முதல்ல உள்ளுக்கு வந்து இரிங்க" என்று பிளாஸ்டிக் கதிரையைத் தட்டிப் போட்டார். தேத்தண்ணியோடு சீனி தூவிய பிஸ்கட்டும் வந்தது. நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவருடைய உம்மாவுக்கும் அதே வருத்தமாம், ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லையாம். சுவரைப் பார்த்துச் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. பிறகு தானே போன் எடுத்துக் கடைக்குச் சொல்லி, வீதியில் போன மோட்டார்சைக்கிள்காரர் ஒருவரை நிறுத்தி, அரை மணி நேரத்தில் வெப்பமானியை வாசலுக்கே வரவழைத்துவிட்டார். பச்சை நிறத்தில், ஒரு மீன் படம் ஒட்டியிருந்தது.

பிற்பகலில் செல்வராணி அக்கா மறுபடி வந்தார். வெப்பமானியைத் தண்ணீர்ப் பைக்குள் இறக்கி, அது காட்டிய சூட்டைக் கணக்கில் போட்டேன். எல்லாம் தயார். ஆனால் அக்காவின் கால் நடுங்கியது. வெள்ளிக்கிழமை நெருங்க நெருங்கப் பயம் கூடியிருக்க வேண்டும். கால் அசைந்தால் படம் இழுபடும். வெளியே உட்கார்ந்திருந்த தவராசா அண்ணனைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" என்று கேட்டேன். இதைக் கேட்டது நான்தான்.

உயரமான, வாய் திறக்காத மனிதர். பச்சைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையை மறுபக்கம் திருப்பியபடி, இரண்டு கைகளாலும் மனைவியின் பாதத்தைப் பிடித்தார். வெளிச்சம் சிதறாமலிருக்க எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடினேன். கால் நடுக்கம் நின்றது.

திரையில் படம் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேறு தெளிந்திருந்தது. பாதத்தின் மேலே நரைத்த நூல்கள்போலச் சில குழாய்கள். பெருவிரலின் ஓரத்தில், நல்ல பருமனாக, பளிச்சென்று ஒரு ரத்தக் குழாய். கறுத்த காலில், குளிரூட்டி இல்லாத அறையில், முதல்முறையாக ஒரு நல்ல படம்.

டொக்டர் அப்போது அடுத்த அறையில் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வரும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை.

"அக்கா, பாருங்க! விரல் பக்கத்துல ரத்தம் எவ்வளவு நல்லா ஓடுது!"

அக்கா திரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணன் அவர் காலிலிருந்த ஜெல்லைத் துணியால் துடைத்துவிட்டார், விரலிடுக்கெல்லாம். புண்ணைப் பார்க்காதவர் என்று சொல்லப்பட்ட அவர் துடைக்கும்போது தலையைத் திருப்பவில்லை. வாசலில் டொக்டர் அவர்களை நிறுத்தி வழக்கம்போல "வெள்ளிக்கிழமையை மறக்காதேங்கோ" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மாலையில் அறைக்கு வந்து படத்தை இன்னும் மெருகேற்ற உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு கப்பல் துறைமுகத்துக்குள் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தப் பெரிய குழாய் ஏனோ உறுத்தியது. அது தோலின் கோட்டுக்கு உள்ளே வரவில்லை, ஒட்டிக்கொண்டு நின்றது. எங்கிருந்தோ எதிரொலித்து வந்த பொய்க் கோடாக இருக்கலாம் என்று நினைத்து நீக்கப் பார்த்தேன். எதிரொலி என்றால் நான் செய்கிற திருத்தத்தில் கரைந்துவிட வேண்டும். கரையவில்லை. உண்மையான ரத்தம்தான்.

படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டேன். ரத்தக் குழாய் இதயத் துடிப்புக்கு ஏற்ப மின்னி மங்கும். பாதத்திலிருந்த மெல்லிய நூல்கள் வேகமாக மின்னின, பயந்த மனதின் துடிப்பு. பெரிய குழாய் மெதுவாக, நிதானமாக மின்னியது. ஒரே காலில் இரண்டு இதயங்கள்.

அது அண்ணனின் விரல். கறுப்புத் துணிக்குள், மனைவியின் பெருவிரலுக்கும் தண்ணீர்ப் பைக்கும் நடுவில் அவருடைய சுட்டுவிரல் நுழைந்திருந்தது. விரலின் உட்பக்கம் வெளுத்த தோல். அதனால்தான் அவ்வளவு பளிச்.

டொக்டருக்குப் போன் செய்தேன். நான் அக்காவிடம் சொன்னதையும் சொன்னேன். அவர் சொன்னார்: "இப்ப விளங்குது. கொஞ்சம் முன்னம் செல்வராணி போன் எடுத்தவ, வெள்ளிக்கிழமை போகத் தேவையில்லைத்தானே எண்டு. நான் போகத்தான் வேணும் எண்டு சொன்னனான். 'இந்திய மிஸ் சொல்லிட்டா' எண்டு வைச்சிட்டா."

"நானே காலையில நேர்ல போய்ச் சொல்றேன்" என்றேன்.

வியாழக்கிழமை காலை ரியாஸ் நானாவின் ஆட்டோ உப்புவெளி தாண்டியதும் இருமி நின்றுவிட்டது. அவர் இறங்கி எதையோ தட்டினார், ஊதினார், கடைசியில் வீதிக்கு நடுவே நின்று கை காட்டினார். மீன் ஏற்றப் போகும் லொறி ஒன்று நின்றது. எங்கள் இருவருக்கும் முன்னிருக்கையில் இடம் தந்தார்கள். ஐஸ் உருகிக் காலடியில் ஓடியது. சாரதி சிங்களத்தில் போனில் யாரையோ கொஞ்சிக்கொண்டு வந்தார். நானா மெல்ல எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்: "மகள் பள்ளிக்குப் போகமாட்டனெண்டு அடம். பல் விழுந்திட்டாம், பிள்ளையள் சிரிப்பாங்களாம். அதுக்கு இவர் சொல்லுறார், என்ட பல்லும் விழுந்ததுதான், நானும் போனேன், இப்ப பார் லொறி ஓட்டுறேன்." நான் சிரித்தேன்.

அக்காவின் வீட்டில் தையல் மெசினுக்கு முன்னால் வெள்ளைத் துணி குவியலாகக் கிடந்தது. புதிதாகத் தைக்க எடுத்திருந்தார். என்னைக் கண்டதும் "வாங்கோ, வாங்கோ" என்று எழுந்தார்.

"அக்கா, உட்காருங்க. நேத்து நான் சொன்னது தப்பு."

அவர் உட்காரவில்லை. அண்ணன் சமையலறைப் பக்கமிருந்து வந்து கதவு நிலையில் நின்றார்.

"அந்தப் பெரிய குழாய் உங்க காலோடது இல்ல. பிடிச்சிருந்தாங்க இல்லையா, அண்ணனோட விரல் அது."

அண்ணன் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், களவு செய்து பிடிபட்டவர்போல. "நான் விலத்திப் பிடிச்சிருக்க வேணும்" என்றார்.

"உங்க மேல தப்பில்ல அண்ணா. பிடிக்கச் சொன்னது நான். சரியாப் பார்க்காம வாயைத் திறந்ததும் நான்."

அக்கா கத்தரிக்கோலைத் துணிமேல் வைத்தார். "அப்ப என்ர காலில ரத்தம் ஓடேல்லையோ?"

"ஓடுது. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நேத்து தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன்."

வெளியே யாரோ தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது. அக்கா மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நேற்று இரவு கன நாளைக்குப் பிறகு நல்லா நித்திரை கொண்டனான், மிஸ்" என்றார். "அதுக்கு உங்களை ஏசுறதோ, நன்றி சொல்லுறதோ தெரியேல்லை."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"முதல் இருங்கோ. முகமெல்லாம் வேர்த்திருக்கு." உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் படத்தை ஒருக்காக் காட்டுங்கோ."

மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு துடிப்புகளும் திரையில் ஓடின.

"எது என்ர?"

"வேகமா அடிக்கிறது உங்களோடது. மெதுவா அடிக்கிறது அண்ணனோடது."

"அது சரிதான். இவருக்கு எதுக்கும் அவசரமில்லை" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையானது. அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறன். அதுக்கு முதல் இன்னொருக்கா எடுப்பமோ? இந்த முறை இவர்ர கை இல்லாம, என்ர காலை மட்டும்."

அன்று பிற்பகல் மூன்றாவது முறையாக அந்தக் காலைப் படமெடுத்தோம். காலைப் பஞ்சுத் தலையணையில் பதித்து, மெல்லிய பட்டியால் கட்டினேன். உள்ளேயிருந்து வரும் ஒலி மெலிதானது. நூற்றுக்கணக்கான துடிப்புகளைக் கேட்டுக் கூட்டினால்தான் இரைச்சல் விழுந்து உண்மை மேலே வரும். அதுவரை கால் அசையக்கூடாது. ஆனால் பட்டிக்குள்ளும் அது நடுங்கியது. படம் இழுபட்டது. இரண்டு முறை நிறுத்திவிட்டுத் தொடங்கினேன்.

டொக்டர்தான் சொன்னார். "அண்ணை, பிடிக்க வேண்டாம். தலைமாட்டில கதிரையைப் போட்டு இருந்து கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"ஏதாவது."

தவராசா அண்ணன் தொண்டையைச் செருமினார். "இறக்கக்கண்டியில இருந்து ஒரு எஞ்சின் வந்தது" என்று தொடங்கினார். உப்புத்தண்ணி ஏறிய எஞ்சின். அதை எப்படிக் கழற்றினார், எந்த ஆணி துருவில் இறுகியிருந்தது, அதை உடைக்காமல் எடுக்க எண்ணெய் விட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா, "பிறகு?" என்றார். நடுக்கம் குறைந்திருந்தது. எஞ்சின் முடிந்தது. மகள் நடை பழகிய கதை வந்தது. அதுவும் முடிந்தது. கருவி மட்டும் டிக் டிக் என்றது. இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கையால் காட்டினேன்.

அண்ணன் பச்சைக் கண்ணாடிக்குள்ளிருந்து சுவரைப் பார்த்துச் சொன்னார். "நான் உம்மட காலைப் பாக்கிறேல்லை எண்டு எல்லாரிட்டையும் சொல்லுறீர். பாக்கிறனான். நீர் நித்திரை கொள்ளேக்க, ஒவ்வொரு நாளும் பாக்கிறனான்."

அக்காவின் கால் அசையவே இல்லை. டொக்டர் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க நினைத்தேன். கழற்றக்கூடாது.

படம் வந்தது. நேற்றைய பளபளப்பு இல்லை. மெல்லிய குழாய்கள் இரண்டு. ஒன்று பெருவிரலை எட்டும் முன்பே மங்கி மறைந்தது. மற்றது நூல்போல, ஆனால் அறுபடாமல், மற்ற விரல்களின் அடிவரை போனது. ஒரே துடிப்பு. நான் இதுவரை எடுத்த படங்களில் அழகானது என்று சொல்லமாட்டேன். நம்பக்கூடியது. இம்முறை நான் வாயைத் திறக்கவில்லை.

டொக்டர் நீண்ட நேரம் பார்த்தார். "இதை வைச்சு நான் ஒரு முடிவும் சொல்ல ஏலாது, செல்வராணி. ஆனா கால் முழுக்க ரத்தம் எப்பிடி ஓடுதெண்டு வடிவாப் பாக்கச் சொல்லிக் கடிதம் தாறன். நாளைக்கு அதைக் கையில குடுங்கோ."

"போறன்" என்றார் அக்கா. செருப்பைப் போடும்போது கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் வெள்ளிக்கிழமை அதிகாலை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். நான் அன்று பெட்டிகளைக் கட்டினேன். மீன் படம் ஒட்டிய வெப்பமானியும் பெட்டிக்குள் போனது.

சென்னைக்கு வந்து, தண்ணீரின் சூட்டைக் கருவியே அளந்து கணக்கைத் திருத்திக்கொள்ளும்படி செய்தோம். இரண்டு துடிப்புகள் தெரிந்தால் எச்சரிக்கும்படியும் ஒரு சோதனை சேர்த்தோம். ஏன் என்று மாணவர்கள் கேட்டார்கள். நடந்ததை, என் தவறையும் சேர்த்து, அப்படியே சொன்னேன்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பகல் நேரம் டொக்டர் சுகந்தி அழைத்தார். ஆஸ்பத்திரியில் முழுப் பரிசோதனை செய்து, முழங்காலுக்குக் கீழே அடைபட்டிருந்த குழாயைத் திறந்திருக்கிறார்கள். பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. கால் தப்பிவிட்டது, புண் ஆறிவிட்டது. எங்கள் படத்தால் அல்ல, அக்கா அந்த நாளில் போனதால்.

"இஞ்ச பக்கத்திலதான் நிக்கிறா. கதைக்கப்போறாவாம்."

போன் கை மாறும் சத்தம். "மிஸ், சுகமா இருக்கிறீங்களோ? உங்கட மிசின் இப்ப எப்பிடி?"

"இப்ப பரவாயில்லக்கா. நிறைய தேறியிருக்கு. அக்கா, விரல்..."

"அது போயிட்டுது. விடுங்கோ. நான் ஒண்டு கேக்கவெண்டுதான் போனை வாங்கினனான். நீங்கள் எல்லாரும் என்ர வருத்தக் காலைத்தானே எடுத்தனீங்கள். இடது கால் நல்ல கால், மிஸ். ஒரு புண் இல்லை. கறுத்த கால் நல்லா இருந்தா எப்பிடி இருக்குமெண்டு உங்கட மிசினுக்குத் தெரியவேணும்தானே? அடுத்த முறை வாங்கோ. அதை எடுப்பம்."